சவரிநாதனின் கருத்து

இறந்துபோன இரண்டாவது வருடத்தில், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், சவரிநாதன் தன் கருத்தைத் தெரிவித்தார். பார்களிலும் பொது இடங்களிலும் இருக்கும் புகை அறைகளை மூடக் கூடாது என்பது அவர் கருத்து.

அவர் மனைவி அடைக்கலமேரிக்கு அது கைப்பேசியில் வந்தது. அப்போது அவள் 'நீலக்கதவு' பாரின் சமையலறையில் வஞ்சிரத் துண்டுகளுக்கு மிளகாய் தடவிக்கொண்டிருந்தாள். 'அன்புள்ள திரு. சவரிநாதன், புகை அறைகள் பற்றிய மூன்றாம் சுற்றிலும் கலந்துகொண்டு, மூட வேண்டாம் எனக் கருத்தளித்தமைக்கு நன்றி' என்றிருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் படித்தாள். அவருடைய எண்ணைத்தான் அவள் இப்போது வைத்திருந்தாள். முதல் இரண்டு செய்திகளை விளம்பரம் என்று படிக்காமலே அழித்திருக்கிறாள் போலிருக்கிறது.

முந்தின நாள்தான் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். கடல் காற்றில் சுடர் நிற்காமல் மூன்று முறை அணைந்தது.

சவரிநாதன் அந்த பாரில் பதினெட்டு வருடம் பரிமாறுபவராக இருந்தவர். வேலை முழுக்கக் கண்ணாடி அறையில். புகைப்பவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து உட்கார வைக்கச் சட்டப்படி கட்டிய அறை அது. உள்ளே இருப்பவர்கள் பிடிப்பார்கள், வெளியே இருப்பவர்களுக்கு வாசனை வராது. ஆனால் உள்ளே தட்டைக் கொண்டுபோய் வைக்க ஓர் ஆள் வேண்டுமே. சவரிநாதன் ஒரு சிகரெட் கூடப் பிடித்தவரில்லை. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். கடைசி வருடம் படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்.

அந்த இடத்தில் இப்போது அவர் மகள் ஜெசிந்தா நின்றாள். அப்பாவை அடக்கம் செய்த அடுத்த மாதம் கல்லூரியை விட்டுவிட்டு அவளே முதலாளியிடம் போய்க் கேட்டாள். அம்மா தடுத்துப் பார்த்தாள். "வேற எந்த மேசையில நின்னாலும் டிப்ஸ் பாதிதான் வரும். உன் சமையல் சம்பளத்துல எத்தினி நாள் ஓட்டுவ?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

நகரம் முழுக்க அப்போது இதே பேச்சுதான். கண்ணாடி அறைகள், கடற்கரையின் புகைக் கூண்டுகள், டீக்கடைகளின் பின்பக்கத் தடுப்புகள், எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடிவிடலாமா என்று அரசு தன் கருத்து மையத்தின் மூலம் கேட்டுக்கொண்டிருந்தது. பார் முதலாளிகள் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். மருத்துவர்கள் மூடச் சொன்னார்கள். நீலக்கதவுக்குத் தினமும் வரும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், "வீட்டுல பிடிச்சா மருமக திட்டுது, ரோட்டுல பிடிச்சா போலீஸ் பிடிக்குது. நாங்க எங்கதான் போறது?" என்று சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் முறையிட்டார். மூன்று சுற்றிலும் தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. நான்காவது சுற்றுதான் கடைசி. அதில் எது மேலே வருகிறதோ அதுதான் சட்டம்.

அடைக்கலமேரி மறுநாளே கருத்து மையத்துக்குப் போனாள். பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டியிருந்தார்கள். தமிழ்மாறன் என்ற அதிகாரி அவளை உட்கார வைத்தார். நாற்பது வயதிருக்கும். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர் போல இருந்தார்.

"செத்துப்போன மனுஷன் எப்படி சார் கருத்து சொல்லுவாரு?" என்று கேட்டாள்.

"அவர் சொல்லலம்மா, அவரோட பிரதி சொல்லுது. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஊரெல்லாம் போய்க் கேட்டா முடியாதுன்னு, கொஞ்சம் பேரோட சம்மதத்தோட அவங்க பேச்சு, பழக்கம், பயம், ஆசை எல்லாத்தையும் ஒரு வருஷம் கேட்டு வாங்கிப் பிரதி பண்ணினாங்க. எதுன்னாலும் அதுங்களத்தான் கேக்கறோம். சும்மா கேக்கறதில்ல. டீக்கடையில உக்காந்து பேசற மாதிரி ஒண்ணோட ஒண்ணு பேசவிட்டு, அதுக்கப்புறம்தான் கேப்போம்."

"அவர் போய்ச் சேர்ந்ததும் அத எடுத்திருக்க வேணாமா?"

தமிழ்மாறன் கொஞ்சம் தயங்கினார். "ஆள் செத்தாலும் அவர் கருத்து சாகறதில்லைன்னு விதியிலயே எழுதியிருக்கு. அதுவும் இல்லாம, உங்க வீட்டுக்காரர் பார் ஊழியர் வகையில வர்றாரு. இந்த விஷயத்துல நேரடியா பாதிக்கப்படறவங்கன்னு அந்த வகைக்கு எடை அதிகம். அவங்கள்ல முக்காவாசிப் பேர் மூட வேணாங்கறாங்க. அதனாலதான் இழுத்துக்கிட்டே இருக்கு."

"அந்த வகையில இன்னும் யாரு சார் இருக்காங்க?"

அவர் திரையைப் பார்த்துச் சில பெயர்களைச் சொன்னார். கப்பலோட்டி பார் பீட்டர். ரயிலடி ஞானசேகர். நீலக்கதவிலேயே முன்பு இருந்த முனுசாமி.

"பீட்டர் செத்துட்டாரு. ஞானசேகரும்தான். முனுசாமி சாவுக்கு நான் போயிருந்தேன்" என்றாள் அடைக்கலமேரி. "எல்லாருக்கும் மூச்சுதான்."

தமிழ்மாறன் திரையில் எதையோ தேடினார். அதற்குமுன் அவர் அதைத் தேடிப் பார்த்திருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த வகையில் பாதிக்கு மேல் உயிரோடு இல்லை. நெஞ்சு நன்றாக இருந்த காலத்தில் பதிவு செய்துகொண்டவர்கள். அந்த நெஞ்சோடுதான் அவர்கள் இன்னமும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வழி இருக்கு" என்றார் கடைசியில். "வீட்டு ஆளுங்க ஆட்சேபிக்கலாம். நீங்க அதுகிட்ட பேசிப் பாத்துட்டு, இது எங்க வீட்டுக்காரர் மாதிரி இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எடுத்துடுவோம். ஒண்ணு மட்டும். அவர் இறந்துட்டாருன்னு அதுகிட்ட சொல்லக் கூடாது. அதுங்களுக்கு அது தெரியாது."

இல்லை என்று சொல்லிவிட்டு வருவது என்ற முடிவோடுதான் அவள் அந்தச் சின்ன அறைக்குள் போனாள். ஒரு மேசை, ஒரு ஒலிபெருக்கி. படம் எதுவும் கிடையாது. தமிழ்மாறன் ஓரமாக உட்கார்ந்து விசையைப் போட்டார்.

முதலில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. அடைக்கலமேரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு?"

"நான்தான்."

"மேரியா? இன்னா இந்த நேரத்துல? அடுப்ப யார்கிட்ட விட்டுட்டு வந்த?"

குரல் அவளை அவசரப்படுத்தவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். எதிராளி பேசும்வரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் மாதிரி காத்திருப்பார்.

"மழை நின்னுச்சா?" என்று கேட்டார்.

வெளியே நல்ல வெயில். "நிக்கல" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு, "ரூம மூட வேணாம்னு சொன்னீங்களாமே" என்று கேட்டாள்.

"ஆமா. ஜெசி இப்பதான காலேஜ் சேர்ந்திருக்கா. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த ரூம் இருக்கட்டும். அங்க நிக்கறவனுக்குத்தான் கை நிறைய வருது."

"அந்தப் புகை உங்களுக்கு ஆவாதுங்க."

"புகை இன்னா பண்ணும்? நானா பிடிக்கறேன்?" என்று சிரித்தார்.

வெளியே வந்ததும் தமிழ்மாறன் கேட்டார், "சொல்லுங்கம்மா. அவர் மாதிரி இல்லன்னு எழுதிக்கட்டுமா?"

அடைக்கலமேரி வெகுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியா பிடிபடல. இன்னொரு தபா பேசிப் பாக்கணும்" என்றாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை மதியம் அவளுக்கு ஓய்வு. அந்தோணியார் கோவிலுக்குப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு மையத்துக்குப் போனாள். வெளுத்த சேலை எதையாவது சுற்றிக்கொண்டு போகிறவள், இப்போது பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து உடுத்தினாள். பார்க்க முடியாதவருக்கு எதற்கு என்று ஒரு நாள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் உடுத்தினாள்.

அவர் எல்லாவற்றையும் பேசினார். முந்தின வாரம் பேசியதும் நினைவிருந்தது. ஆனால் அவருடைய காலம் மட்டும் நகரவில்லை. ஜெசி எப்போதும் முதல் வருடம் படித்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள் மாடி கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மழை நின்றதா என்று கேட்டார். அவரைப் பதிவு செய்து முடித்த நாளில் மழை பெய்துகொண்டிருந்திருக்க வேண்டும். இங்கே கார்த்திகை போனது, மார்கழி வந்தது, வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டினார்கள். அவர் இருந்த இடத்தில் மழை பெய்துகொண்டே இருந்தது.

"பீட்டர் வர்றான், பேசறான்" என்பார். "முனுசாமியும்தான். எல்லாரும் இங்கதான் இருக்கோம்." அதைக் கேட்கும்போது அடைக்கலமேரிக்கு முதுகில் குளிரும். ஆனாலும் எழுந்து வர மனம் வராது. வீட்டில் சில நாட்களாகக் கிராம்பு வாசனை அடிப்பதுபோல் இருந்தது. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அதில் கிராம்பே இல்லை.

தமிழ்மாறன் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்டார். அவளும் அதே பதிலைச் சொன்னாள். கடைசிச் சுற்றுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அவர் ஒருமுறை மெதுவாக ஞாபகப்படுத்தினார். அவள் கேட்காததுபோல் இருந்துவிட்டாள்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் ஜெசிந்தா குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். திடீரென்று வாளியைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நீளமான, காய்ந்த இருமல். முடிந்த பிறகும் உள்ளே ஏதோ இழுத்தது. அடைக்கலமேரி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"எத்தினி நாளா?"

"ஏசி ஒத்துக்கலம்மா. வேற ஒண்ணுமில்ல."

அவள் அப்பாவும் முதலில் ஏசியைத்தான் சொன்னார். அடைக்கலமேரி உள்ளே போனாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கைக்குக் கிடைத்த சேலையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அது தன் கணவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழி முழுக்க அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். வாய் வரவில்லை. அது அவர்தான். அவரை இல்லையென்று மறுதலித்துவிட்டு எந்த முகத்தோடு கல்லறைக்குப் போவாள்?

"இன்னா மேரி, குரலு ஒரு மாதிரி இருக்குது?" என்றார் அவர்.

"ஜெசி காலேஜ் போகலங்க."

"ஏன், உடம்புக்கு இன்னா?"

"காலேஜ விட்டுட்டா. கண்ணாடி ரூம்ல நிக்கறா. உங்க எடத்துல."

"என் எடத்துல அவ நின்னா, நான் எங்க?" என்றார்.

தமிழ்மாறனின் கை விசைக்குப் போனது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கை அங்கேயே நின்றது.

"நீங்க இல்லைங்க. போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

தொண்டையைக் கனைக்கும் சத்தம். பிறகு, "மூச்சா?" என்று கேட்டார்.

"மூச்சுதான்."

"நானேதான் இன்னாவோ நெனச்சேன். எல்லாருமே சாயந்திரம் ஆனா வீட்டுக்குக் கிளம்பணும்னு பேசறோம், ஒருத்தனும் கிளம்பறதில்ல." சற்றுப் பொறுத்து, "பீட்டரு?" என்றார்.

"உங்களுக்கு முன்னாடியே."

"முனுசாமி?"

"அவரும்தான்."

"ரொம்பக் கஷ்டப்பட்டனா மேரி?"

அவள் பொய் சொல்ல நினைத்தாள். கடைசி வாரம் அவர் சுவரில் விரல்களால் கீறிக்கீறிக் காற்றைத் தேடியது நினைவுக்கு வந்தது. "பட்டீங்க" என்றாள். "நான் கூடவே இருந்தேன்."

"அது போதும்" என்றார். பிறகு, "இனிமே என்னக் கேக்க வேணாம்னு அந்த சார்கிட்ட சொல்லு. உசுரோட நிக்கறவளப் போய்க் கேக்கச் சொல்லு. நான் போயி அவனுங்ககிட்டயும் சொல்லணும், பாவம், தெரியாம உக்காந்துனு இருக்கானுங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒலிபெருக்கியிலிருந்து எதுவும் வரவில்லை. அடைக்கலமேரி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள்.

நான்காவது சுற்று நடந்தது. பிரதிகளைப் பேசவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பார் ஊழியர் வகைக்கு வந்தபோது முதலில் பீட்டரின் பிரதி, "என்னக் கேக்காதீங்க" என்றது. அடுத்து முனுசாமி, அடுத்து ஞானசேகர். செத்தவர்கள் ஒருவர் விடாமல் அதையே சொன்னார்கள். கோபமாகச் சொல்லவில்லை. பார் அடைக்கும் நேரத்தில் கடைசி ஆளிடம் 'அவ்ளோதான் சார்' என்று சொல்வதுபோலச் சொன்னார்களாம். அதற்குமேல் எந்தக் கேள்விக்கும் அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் முடிவெடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே இத்தனை வருடத்துக்குப் பிறகு மைய ஆட்கள் வீடு வீடாகப் போய் உயிரோடு இருக்கும் பார் ஊழியர்களைக் கேட்க வேண்டியதாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தாயும் மகளும் வீடு திரும்பிய நேரத்தில் தமிழ்மாறன் வந்தார். ஜெசிந்தா அவரை அடையாளம் தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் அடைக்கலமேரியைப் பார்த்து, "விசைய நான்தான் அணைக்கலன்னு மேலிடத்துல சொல்லிட்டேன்மா. உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றார்.

"எந்த விசை?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

இனி மறைக்க முடியாது. அடைக்கலமேரி சொன்னாள். செவ்வாய்க்கிழமைகளைச் சொன்னாள், குரலைச் சொன்னாள், கடைசியில் தான் செய்ததையும் சொன்னாள். ஜெசிந்தா நின்றபடியே கேட்டாள்.

"அப்பா குரலு. இத்தினி மாசம் நீ மட்டும் கேட்டுக்கினு இருந்திருக்க."

"உன்னக் கூட்டிட்டுப் போனா, நீ எங்க வேலை செய்யறன்னு அவர் கேப்பாரேடி."

"நான் பொய் சொல்லியிருப்பேன். நல்லா படிக்கறேன்னு சொல்லியிருப்பேன். ஒரு தபா பேச விட்டிருக்கலாம் இல்ல? நீ அவருக்குச் சாவு சொல்லிட்டு வந்து, கோவிலுக்குப் போனேன்னு எனக்குத் தீர்த்தம் தெளிக்காத குறையா நடிச்ச."

தமிழ்மாறன் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். ஜெசிந்தாவே அவரை நிறுத்தினாள். "கேக்க வந்தத கேளுங்க சார்."

"புகை அறைகள மூடலாமாம்மா?"

"வேணாம்."

அடைக்கலமேரி தலையைக் குனிந்துகொண்டாள். தமிழ்மாறன் எழுதவில்லை. "காலேஜ்ல படிக்கறப்ப உங்களையும் பதிவு பண்ணியிருக்காங்க. மாணவர் வகையில. உங்க பிரதி நாலு சுற்றுலயும் மூடணும்னுதான் சொல்லிச்சு" என்றார்.

"அதுக்கென்ன, அதுக்குப் பசிக்காது" என்றாள் ஜெசிந்தா. இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அது அடங்கும்வரை நின்றாள். பிறகு வேறு ஒரு குரலில், "அதுகிட்ட நான் பேசலாமா?" என்று கேட்டாள்.

தமிழ்மாறன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைக்கருவியில் எதையோ தட்டி மேசைமேல் வைத்தார்.

"ஹலோ" என்றது அது. ஜெசிந்தாவின் குரல்தான். ஆனால் அதில் கரகரப்பு இல்லை. "யாரு?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். "அம்மாவா?" என்றது அது. "அம்மா, ஆஸ்பத்திரியில இருந்தா பேசற? அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு? ராத்திரி தூங்கினாரா?"

அடைக்கலமேரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கருவிக்குப் பக்கத்தில் குனிந்து, அம்மாவைப் போலவே குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"தூங்கினாரு. ரெண்டு இட்லி சாப்பிட்டாரு. நீ படி."

கருவியைத் தமிழ்மாறனிடம் தள்ளினாள். "நான் சொன்னத விட்டுடுங்க சார். அவ சொன்னதையே எழுதிக்குங்க."

புகை அறைகள் மூடப்பட்டன. கருத்து எண்ணிக்கையில் கொஞ்சம் வித்தியாசம்தான். நீலக்கதவில் கண்ணாடியை எடுத்துவிட்டு நான்கு மேசை கூடுதலாகப் போட்டார்கள். ஆள் குறைத்தபோது முதலில் ஜெசிந்தாவைத்தான் நிறுத்தினார்கள். சில மாதம் வீட்டில் இருந்தாள், இப்போது ஒரு ரொட்டிக்கடையில் நிற்கிறாள். வருமானம் பாதி. இருமல் குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. வங்கிக்காரர் மட்டும் இன்னமும் சாயங்காலங்களில் வந்து, பற்ற வைக்காத ஒரு சிகரெட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சவரிநாதன் பிறகு பேசவேயில்லை. மாணவர் வகையில் இருந்த அந்தப் பெண் பேசுகிறாள். செவ்வாய்க்கிழமை மதியம் ஜெசிந்தா மையத்துக்குப் போகிறாள். அடைக்கலமேரியும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவது கேட்கும்.

"இன்னிக்கு எப்படி இருக்காரு?"

"பரவால்ல. வாசல் வரைக்கும் நடந்தாரு. உன்னத்தான் கேட்டாரு."